கோஸோ: அப்பாவைக் கூட்டிக்கொண்டு போன தீவு

திருப்பூரில் ஷிப்மென்ட் தேதியைத் துரத்தியே இருபது வருஷம் ஓடிவிட்டது. ஒரு வாரமாவது சத்தமில்லாத இடத்தில் இருக்கணும் என்று போன செப்டம்பர் கடைசியில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். கொச்சியில் ஏறி, துபாயில் மாறி மால்டா, அங்கிருந்து படகில் 25 நிமிஷம், கோஸோ. மால்டா நாட்டைச் சேர்ந்த சின்னத் தீவு, மொத்தமே 67 சதுர கிலோமீட்டர். ஷெங்கன் விசா போதும். படகுக்குப் போகும்போது டிக்கெட் இல்லை, திரும்பி வரும்போதுதான் காசு.

மத்தியதரைக் கடல் தீவு என்றால் பச்சைப் பசேலென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். இறங்கிப் பார்த்தால் வெயிலில் காய்ந்த வெளிர்மஞ்சள் சுண்ணாம்புக்கல் மேடு, வழியெல்லாம் சப்பாத்திக்கள்ளி, பழம் சிவந்து தொங்குகிறது. அங்கே கோடையில் மழையே கிடையாதாம். பஸ் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காத அப்பா, "ஏஞ்சாமி, இது நம்ம கொறங்காடாட்டவே இருக்குது" என்றார். காங்கயம் பக்கம் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தில் வெள்ளாடும் செம்மறியும் மேய்த்து வளர்ந்தவர். எனக்கு அந்த நிமிஷமே வந்த காரியம் முடிந்த மாதிரி இருந்தது.

அவரை ரொம்பப் பிடித்து நிறுத்தியது அங்கத்திய கல்லுக்கட்டு. நம் ஊரில் கிளுவை வேலி போடுவது போல, அங்கே ஒவ்வொரு வயலுக்கும் இடுப்புயரம் கல் அடுக்கியிருக்கிறார்கள். மண்ணுமில்லை, சுண்ணாம்புமில்லை. இரண்டு பக்கமும் பெரிய கல், நடுவில் பொடிக்கல் திணித்து, ஒன்றின் பிடியில் இன்னொன்று நிற்கிறது. மழை பெய்தால் தண்ணீர் சந்து வழியே வடிந்துவிடும், மண் அங்கேயே தங்கிவிடும். இதை இடிக்கக் கூடாது என்று மால்டாவில் சட்டமே இருக்கிறது. அப்பா ஒரு கல்லை விரலால் நெம்பிப் பார்த்தார், அசையவில்லை. "கட்டுனவன் கைகாரன்" என்று சொல்லிவிட்டு அந்தச் சுவர் ஓரமாகவே கால் மணி நேரம் நடந்தார்.

ஜகாந்தியா கோயிலும் கல்தான். எகிப்துப் பிரமிடுகளுக்கும் முந்தியது, 5,500 வருஷத்துக்கு மேல். ஐந்து மீட்டர் நீளக் கல்லெல்லாம் நிற்கிறது. ஒரு ராட்சசி கைக்குழந்தையோடு சுமந்து வந்து கட்டினாள் என்று ஊர்க்கதை சொல்கிறார்கள். சென்னிமலை பக்கம் கொடுமணலில் பெருங்கற்கால ஈமக்காட்டைப் பார்த்தவர்கள் அங்கே போனால் சீக்கிரம் வெளியே வர மாட்டார்கள்.

அப்புறம் த்வெய்ரா. அங்கே கடல் ஓரத்தில் பாறை வளைவாக நின்ற 'அசூர் விண்டோ' 2017 மார்ச் 8ஆம் தேதி புயலில் இடிந்து கடலுக்குள் போய்விட்டது. அதற்குப் பக்கத்திலேயே 'புளூ ஹோல்' என்று பாறைக்குள் ஒரு பள்ளம், அப்படியே நம் தோட்டத்துக் கிணறு. சுமார் 15 மீட்டர் ஆழம், தண்ணீருக்கு அடியில் ஒரு வாசல் வழியாகக் கடலோடு சேர்ந்திருக்கிறது. டைவிங் ஆட்கள் சிலிண்டர் கட்டிக்கொண்டு அதன் வழியாகத்தான் கடலுக்குள் போகிறார்கள். எனக்கு அந்தப் பயிற்சி இல்லை, லைஃப் ஜாக்கெட்டும் மூச்சுக்குழாயும் போட்டுக்கொண்டு மேலேயே மிதந்தேன். மிதப்பதற்கு முதுகில் சுரைப்புருடை, அதாவது காய்ந்த சுரைக்குடுக்கை கட்டி அப்பா என்னைக் கிணற்றில் தள்ளிவிட்டது ஏழு வயதில். இங்கேயும் அவர்தான் என் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்திருந்தார். கீழே பார்த்தால் நீலம் கருத்துக்கொண்டே போகிறது, நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனாலும் ஏற மனசு வரவில்லை. பாறையில் கால் வைக்க இடம் சரியாக இல்லை, ரப்பர் செருப்பு இல்லாமல் இறங்கிவிடாதீர்கள்.

ஷ்வெய்னி உப்புப் பாத்திகளையும் விட்டுவிடாதீர்கள். கடற்கரைப் பாறையிலேயே கட்டம் கட்டமாக வெட்டிய பாத்திகள், முந்நூறு வருஷத்துக்கும் மேற்பட்டவை. வெயில் காலம் முழுக்கக் கடல்நீர் வற்றி உப்பாகிறது, துடைப்பத்தால் கூட்டிக் குவிக்கிறார்கள். நாங்கள் போனது சீசனின் கடைசி, ஓரங்களில் மட்டும் வெள்ளை பூத்திருந்தது.

நிறையப் பேர் மால்டாவிலிருந்து காலையில் வந்து சாயங்காலம் திரும்பிவிடுகிறார்கள். அது வேண்டாம், மூன்று ராத்திரியாவது தங்குங்கள். பகல் கூட்டம் படகேறிய பிறகுதான் அந்தத் தீவு அமைதியாகிறது. வேனில் ஒரே நாளில் சுற்றிக் காட்டுகிறோம் என்றார்கள், நாங்கள் ஊர் பஸ்ஸிலேயே போனோம். சில வழியில் ஒரு மணிக்கு ஒன்றுதான் வருகிறது, காத்திருக்கத்தான் வேண்டும். அப்படிக் காத்திருந்த ஒரு சாயங்காலம் ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்த பெரியவர் முள் சீவிய சப்பாத்திக்கள்ளிப் பழம் இரண்டை நீட்டினார். அவர் பாஷை அரபியிலிருந்து வந்த மால்டீஸ், அப்பாவுக்குத் தமிழைத் தவிர வேறு தெரியாது. இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டே தின்றார்கள், வாயெல்லாம் சிவப்பு. பஸ் வந்தது, அப்பா எழுந்திரிக்கவில்லை. சரி, அடுத்ததில் போய்க்கொள்ளலாம் என்று நானும் உட்கார்ந்துவிட்டேன்.