செயற்திட்டத்துக்குத் தகவல் படம் (infographic) செய்யும் பிள்ளைகளுக்கு

உயர்தரப் பிள்ளைகளே, முதலில் கணினியைத் திறக்காதீங்க. ஆய்வில் தெரியவந்ததை ஒரே வசனமாகத் தாளில் எழுதுங்க. உதாரணத்துக்கு, "கேட்ட 40 லயன் வீடுகளில் 26 வீடு பீலித் தண்ணீரைத்தான் குடிக்குது." (லயன் என்பது தோட்டத் தொழிலாளரின் தொடர் வீடு, பீலி என்பது ஊற்றுத் தண்ணீர் விழும் குழாய்.) படம் முழுக்க அந்த வசனத்துக்குத்தான் வேலை செய்யணும்.

40 வீட்டை மட்டும் கேட்டுவிட்டு 65% என்று பெரிதாகப் போட்டால், முழுத் தோட்டத்தையும் கேட்ட மாதிரி ஆகிடும். 40 குட்டி வீடுகளை ஒரே அளவில் வரைந்து, 26க்கு நிறம் கொடுங்க. கூடுதல் தொகையைக் காட்ட ஒரு வீட்டையே பெரிதாக்குவது பிழை. உயரமும் அகலமும் இரண்டு மடங்கானால் பரப்பு நாலு மடங்காகும், கண் அதைத்தான் நம்பும். சலாகை வரைபு போடுறதென்றால் அச்சு பூச்சியத்தில் தொடங்கணும்.

தாள் அளவைத் தொடக்கத்திலேயே A3, அதாவது 297 × 420 மி.மீ. என்று வையுங்க. தமிழ்ச் சொற்கள் நீளம், மூன்று நிரல் (column) போட்டால் வரிகள் கண்டபடி உடையும். இரண்டு போதும். எழுத்து 14 புள்ளிக்குக் குறைய வேண்டாம்.

அதிகம் சொதப்புவது எழுத்துருதான். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோட் முறையில் அடிங்க. சில வடிவமைப்பு மென்பொருள்களில் "கொ", "பீ" பிரிந்து நிற்கும், தெற்காசிய எழுத்து அமைப்பை இயக்கினால் சரியாகும். அச்சுக்கடைக்கு பிடிஎஃப் மட்டும் கொடுங்க. திரையில் மின்னும் பச்சை தாளில் மங்கும், அதனால் A4இல் ஒரு பிரதி எடுத்துப் பாருங்க.

கீழ் மூலையில் தரவு சேகரித்த மாதம், இடம், எத்தனை பேர் என்பதை மறக்காமல் போடுங்க.