விற்ற சாமானைத் திருப்பி எடுக்கமாட்டினமாம்

கிளிநொச்சியிலயோ முல்லைத்தீவிலயோ சாமான் வாங்கினால், கனக்கக் கடைகளின்ர பில் அடியில ஒரு வரி கிடக்கும்: "விற்ற பொருட்கள் மீளப் பெறப்படமாட்டாது." எங்கட சனம் அதைச் சட்டம் எண்டே நம்பிக்கொண்டிருக்குது. அது சட்டம் இல்லை. கடைக்காரர் தன்ர பாட்டில அச்சடிச்ச வரி.

புதுக்குடியிருப்புப் பக்கம் என்ர பெரியம்மா வீட்டுக் காணியில மிளகாயும் கத்தரியும் வைச்சிருக்கிறா. போன சித்திரையில கிணறு இறைக்க ஒரு மோட்டர் வாங்கினா. குழுவாச் சேர்ந்து எடுத்து, கிழமைக்குக் கிழமை கட்டுற குழுக்கடன் காசு. பூட்டின கிழமையே மோட்டரும் பம்பும் சேருற இடத்தால தண்ணி கசியத் தொடங்கிச்சுது. பிறகு சுவிச்சைப் போட்டாலே ட்ரிப் விழும். பார்க்க வந்த மெக்கானிக் பெடியன் நல்லவன். "சீலால தண்ணி உள்ளுக்குப் போகுதம்மா. நான் கழட்டினால் வொறன்டி இல்லையெண்டு சொல்லிப்போடுவினம், கடைக்கே கொண்டு போங்கோ" எண்டான்.

கடையில, "கொழும்புக்குக் கம்பனிக்கு அனுப்போணும், ஒரு மாசம் செல்லும்" எண்டிச்சினம். சித்திரை வெயிலில மிளகாய்க் கண்டு ஒரு மாசம் தண்ணியில்லாமல் நிக்குமே? மோட்டர் நிண்டதுக்காகக் கடனுக்குக் கட்டுற கிழமைக்காசு நிக்கப்போகுதே? மாத்தித் தரச் சொல்லிக் கேளாமலே பெரியம்மா வந்திட்டா. "தெரிஞ்ச பிள்ளை, எப்பிடி முகத்தை முறிக்கிறது?" எண்டா. எனக்கு ஆத்திரம் வந்தது அந்த இடத்திலதான். பழுதான சாமானை வித்த ஆளுக்கு வராத வெக்கம் வாங்கின ஆளுக்கு ஏன்?

வாங்கின ஆளின்ர பக்கம் இலங்கையில சட்டம் இருக்குது: 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், 13ஆம் பிரிவு. விக்கேக்க குடுத்த உத்தரவாதத்துக்குப் பொருள் ஒத்துவராட்டில் சபைக்கு முறைப்பாடு செய்யலாம். வொறன்டிக் காட் இல்லாட்டிலும், வாயால சொல்லாட்டிலும், மோட்டர் எண்டு வித்தால் அது தண்ணி இறைக்கோணும். அந்த உட்கிடையான உத்தரவாதமும் இதுக்குள்ள அடங்கும். விசாரிச்சுப் பிழை எண்டு கண்டால் நட்டஈடு குடு, பொருளை மாத்திக் குடு, இல்லாட்டில் காசைத் திருப்பிக் குடு எண்டு சபை கட்டளை போடலாம்.

கவனிக்கவேண்டியது காலம். முறைப்பாட்டை வித்த நாளில இருந்து மூண்டு மாசத்துக்குள்ள எழுத்தில குடுக்கோணும். பழுது வந்த நாளில இருந்து இல்லை. "ரிப்பேருக்குப் போயிருக்கு, அடுத்த கிழமை வாங்கோ" எண்டு அலையவிடுற நாளும் அந்தக் கணக்குக்குள்ளதான் ஓடுது.

எல்லாத்துக்கும் காசு திருப்பிக் கேக்கேலாது. நிறம் பிடிக்கேல்லை, வேற கடையில மலிவு எண்டதெல்லாம் பழுது இல்லை. நாங்களே விழுத்தி உடைச்சதும் கடைக்காரரின்ர பிழை இல்லை.

நான் ஒரு கடிதம் எழுதினன். வாங்கின திகதி, பில் இலக்கம், மோட்டரின்ர சீரியல் நம்பர், என்ன பழுது, கடையில என்ன சொன்னவை, எங்களுக்கு என்ன வேணும். பில்லின்ர போட்டோக்கொப்பியையும் சேர்த்தன். இந்த மெல்லிய வழுவழுப்பான பில் எங்கட வெக்கைக்கு கெதியில எழுத்தழிஞ்சு வெறுந்தாளாப் போயிடும், வாங்கின அண்டைக்கே கொப்பி எடுங்கோ. பில் தராட்டில் கேளுங்கோ. கேட்டால் குடுக்கவேண்டியது கடைக்காரரின்ர சட்டக் கடமை.

கச்சேரிக்கு, அதுதான் மாவட்டச் செயலகத்துக்கு, போக முதல் அந்தக் கடிதத்தைக் கடையில காட்டினம். முதலாளி வாசிச்சிட்டு, அதே பெறுமதிக்கு வேற சாமான் எடுக்கச் சொன்னார். பெரியம்மா அண்டைக்கு அசையேல்லை. "எனக்குக் காசுதான் வேணும் தம்பி, தோட்டம் காயுது" எண்டா. முழுக்காசும் தந்திட்டார்.

தராட்டில் மாவட்டச் செயலகத்தில இருக்கிற சபையின்ர பிரிவில கடிதத்தைக் குடுத்திருப்பம். சபையின்ர 1977 எண்ட தொலைபேசி இலக்கத்துக்கு அடிச்சும் விசாரிக்கலாம். உங்கட வீட்டு மூலையிலயும் புதுசா வாங்கி வேலை செய்யாத ரைஸ் குக்கரோ ஃபானோ கிடந்தால், பில்லைத் தேடித் திகதியைப் பாருங்கோ. மூண்டு மாசம் கடக்கேல்லை எண்டால் இண்டைக்கே எழுதுங்கோ.