முதுகில் ஏறும் குளிர்: ஒன்ராறியோக் காட்டில் ஹமொக் கட்டுவது

ஏணையில் பிள்ளை வளர்த்த சனத்துக்கு இரண்டு மரத்துக்கு நடுவே கட்டிப் படுக்கும் துணித் தொட்டிலான ஹமொக்கைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். சேலையைத் தொய்வாகக் கட்டினால் பிள்ளை அணைந்து கிடக்கும், இறுக்கிக் கட்டினால் உருண்டு விழும் என்பது அம்மம்மாமாருக்குத் தெரிந்த கணக்கு. அந்தப் பாதி சரி. மற்றப் பாதியில்தான் கனடா கையை விரிக்கிறது. வெக்கை நாட்டில் முதுகுக்குக் கீழே காற்றோடுவது சுகம். அல்கொன்குயின் மாகாணப் பூங்காப் பக்கக் காட்டில் ஜூலை இரவுகூடப் பத்துப் பன்னிரண்டு பாகைக்கு இறங்கும். அங்கே அதே காற்றுத்தான் விடியப்புறம் இரண்டு மணிக்கு ஆளை எழுப்பி, போர்வையும் கையுமாகக் காருக்குள் ஏற்றிவிடுகிறது.

இங்கே வந்து முதல் கோடையில் காம்பிங் போகிறவர்கள் பெரும்பாலும் ஹமொக்கை முதலில் வாங்குகிறார்கள், தறப்பாளைக் கடைசி நாள் தேடுகிறார்கள், நுளம்பு வலையை மறந்துவிடுகிறார்கள், முதுகுக்குக் கீழே போடும் குளிர்க் காப்பைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. காசை வேறு விதமாகப் பிரிக்க வேண்டும். ஹமொக் மலிவாக இருக்கலாம். வலையிலும் முதுகுக் காப்பிலும் மிச்சம் பிடிக்கக் கூடாது.

கூடாரம் இருக்க ஏன் இந்தப் பாடு என்றால், நிலம்தான் காரணம். மஸ்கோக்கா ஏரிப் பகுதியிலிருந்தே வடக்கே கனேடியக் கேடயம் எனப்படும் பழம் பாறை நிலம். மேலே ஒரு சாண் மண், அதற்குள் வேர், அதற்குக் கீழே கருங்கல். சமதரை கிடைப்பது அரிது. மழை பெய்தால் பள்ளமான இடமெல்லாம் குளம். ஹமொக்குக்குத் தரை எப்படி இருந்தால் என்ன, நல்ல மரம் இரண்டு போதும்.

காலத்தை முதலில் சொல்லிவிடுவோம். மே மாதத்து விக்டோரியா தின லோங் வீக்கெண்டில் எல்லாரும் வெளிக்கிடுவார்கள் என்று நீங்களும் வெளிக்கிட வேண்டாம். மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் கடைசி வரை பிளாக் ஃபிளை எனப்படும் சின்னக் கறுப்பு ஈயின் காலம். ஓடும் தண்ணீரில் பெருகும், பகலில் கடிக்கும், காதுக்குப் பின்னால் இரத்தம் வடிந்த பிறகுதான் கடித்தது தெரியும். ஜூனிலும் ஜூலையிலும் நுளம்பு. ஓகஸ்ட் நடுப்பகுதிக்குப் பிறகு இரண்டும் அடங்கும், இரவு மட்டும் குளிரும். பழகுகிறவருக்கு ஓகஸ்ட் கடைசியும் செப்டெம்பர் முதல் பாதியும்தான் தோது. மாகாணப் பூங்காக்களில் இடம் பதிவது ஐந்து மாதத்துக்கு முன்பே காலை 7 மணிக்குத் திறக்கும். நல்ல இடங்கள் அன்றே போய்விடும். முதல் இரவை உள்காட்டில் வைக்காமல், கார் நிறுத்தும் இடத்தோடு சேர்ந்த காம்ப் தளத்தில் வையுங்கள். பிழைத்தால் திரும்பி நடக்க 20 மீற்றர்தான்.

இனி ஹமொக். கடைகளில் பூங்காவில் சாய்ந்து கிடக்க விற்பவை 8, 9 அடி நீளம். அதில் மத்தியானத் தூக்கம் போடலாம், இரவு முழுக்கக் கிடந்தால் முதுகு வாழைப்பழம்போல் வளையும். படுக்க வேண்டுமென்றால் 10 அடியாவது வேண்டும். ஐந்தே முக்கால் அடிக்கு மேற்பட்டவர்கள் 11 அடி பாருங்கள். அகலம் 5 அடிக்கு மிகக் குறையக் கூடாது. “இரண்டு பேருக்கு” என்று எழுதியிருப்பதை அகலத்துக்காக வாங்கலாம், இரண்டு பேர் படுக்க அல்ல.

மரத்தில் கட்டுவதற்குக் கயிறு கூடாது. வீட்டில் கிடக்கும் நைலோன் கயிறு பாரத்தில் இழுபடும், நனைந்தால் இன்னும் இழுபடும். ஏறும்போது இடுப்பளவில் இருந்தவர் விடியும்போது தரையில் கிடப்பார். மெல்லிய கயிறு பட்டையையும் அறுக்கும். மாகாணப் பூங்காவில் மரத்துக்குச் சேதம் செய்வது குற்றம், ஆணி அடிப்பதை நினைக்கவே வேண்டாம். குறைந்தது ஒரு அங்குல அகலமுள்ள பொலியெஸ்ரர் பட்டி இரண்டு, ஒவ்வொன்றும் 10 முதல் 12 அடி நீளம். பட்டியில் வரிசையாகக் கண்கள் தைத்து வருவது தொடக்கத்துக்கு வசதி. பட்டியையும் ஹமொக்கையும் இணைக்கும் கரபைனர் வளையத்தில் 12 கேஎன் (கிலோநியூட்டன், தாங்கும் இழுவையின் அளவு) அல்லது அதற்கு மேல் என்று பொறித்திருக்க வேண்டும். திறப்புக் கோர்க்கும் வளையமும் பார்வைக்கு அதேபோலத்தான் இருக்கும். ஆள் ஏறினால் விரிந்துவிடும்.

மரம் பார்க்கும்போது கீழே பார்ப்பதற்கு முதல் அண்ணாந்து பாருங்கள். காய்ந்த கொப்பு, பாதி முறிந்து தொங்கும் கொப்பு, பட்டை உரிந்த உச்சி, இவற்றில் எது இருந்தாலும் அந்த மரம் வேண்டாம். ஆஷ் மரங்களை மரகத வண்டு அரித்துக் கொன்றிருக்கிறது. நிற்கிறது என்பதற்காக உயிரோடு இருக்கிறது என்று நம்ப முடியாது. பீச் மரத்துக்கும் தென் ஒன்ராறியோவில் நோய். மேப்பிள், ஹெம்லொக், வெள்ளைப் பைன் நல்லவை. பைனில் கட்டினால் பட்டியில் பிசின் ஒட்டும், அவ்வளவுதான். அடிமரம் 15 சென்ரிமீற்றருக்குக் குறையாத தடிப்பு. மெல்லிய மண்ணில் நிற்கும் மரத்தைக் கையால் தள்ளிப் பாருங்கள். அடியில் வேர் அசைந்தால் விடுங்கள்.

இரண்டு மரத்துக்கும் இடையில் 4 முதல் 5 மீற்றர். சாதாரண நடையில் ஐந்தாறு கவடு. பட்டியை ஆறடி உயரத்தில் சுற்றி மாட்டுங்கள். பட்டி தரையோடு 30 பாகைச் சரிவில் இறங்க வேண்டும். அளவுகோல் வேண்டாம்: கையைத் துப்பாக்கிபோல் நீட்டி, சுட்டுவிரலைக் கிடையாகவும் பெருவிரலை நிமிர்த்தியும் பிடியுங்கள். இரண்டு நுனிகளையும் இணைக்கும் கோடுதான் கிட்டத்தட்ட அந்தச் சரிவு.

இந்தச் சரிவில் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 80 கிலோ ஆள் படுக்கும்போது 30 பாகையில் ஒவ்வொரு பட்டியிலும் வரும் இழுவை அதே 80 கிலோ. பட்டியை இறுக்கிச் சரிவை 10 பாகையாக்கினால் ஒவ்வொரு பக்கமும் 230 கிலோ. 5 பாகையில் 460 கிலோ. கண்ணுக்கு நேராக, அழகாகத் தெரியும் ஹமொக்தான் தையல் பிய்ந்து விழுகிறது. இறுக்கினால் மட்டமாகப் படுக்கலாம் என்பதும் பிழை. ஓரங்கள் மேலே எழும்பி, தோள் இரண்டையும் நசுக்கும்.

மட்டமாகப் படுக்க வழி குறுக்கே படுப்பது. நடுவில் இருந்து, தலையை ஒரு பக்கமும் காலை மறுபக்கமுமாக நடுக்கோட்டிலிருந்து ஒரு சாண் ஒன்றரைச் சாண் விலக்குங்கள். துணி அங்கே தட்டையாகும், முழங்கால் நோகாது. கால்பக்கத்துப் பட்டியை ஒரு சாண் உயர்த்திக் கட்டினால் இரவில் கால்பக்கம் சறுக்காது. ஒவ்வொரு முறையும் ஒரே தொய்வு வருவதற்கு ஹமொக்கின் இரண்டு தலைப்புக்கும் நடுவே நீளாத கயிறொன்று போடுவார்கள். அதன் நீளம் ஹமொக்கின் நீளத்தில் 83 சதவீதம்: 11 அடிக்கு 110 அங்குலம், 10 அடிக்கு 100 அங்குலம். ஆள் படுத்திருக்கும்போது இந்தக் கயிற்றை இரு விரலால் கொஞ்சம் வளைக்க முடிய வேண்டும். தம்பூராத் தந்திபோல் நின்றால் பட்டி இறுகிவிட்டது என்று அர்த்தம். நுளம்பு வலையும் இதில்தான் தொங்கும். கண்ணாடியையும் ரோச்சையும் மாட்டிவைக்கலாம்.

கட்டியதும் ஏறிப் படுக்காதீர்கள். முதலில் கையால் அழுத்தி, பிறகு காலைத் தரையில் ஊன்றியபடி மெதுவாக இருந்து பாருங்கள். இருக்கும் இடம் கதிரை உயரம், 45 சென்ரிமீற்றர். அதற்கு மேலே ஆசைப்பட வேண்டாம்.

வலை இரண்டு வகை. ஹமொக்கோடு தைத்து சிப் வைத்தது ஒன்று. முழு ஹமொக்கையும் உறைபோல் மூடிக் கீழே சுருக்கோடு வருவது மற்றது. தனித்தனியாக வாங்குகிறவர்கள் இரண்டாவதை எடுங்கள். காரணம் முதுகு. மெல்லிய நைலோன் துணிக்குள்ளால் நுளம்பு ஊசி இறக்கும். மேல்பக்கம் மட்டும் மூடிய வலைக்குள் படுத்தவர் காலையில் முதுகைச் சொறிந்துகொண்டு எழும்புவார். கீழே காப்பு மெத்தை இருந்தால் இந்தக் கரைச்சல் இல்லை. கண் பெரிய கட்டில் வலையை ஊரிலிருந்து கொண்டுவந்திருந்தால் அது நுளம்பைத்தான் தடுக்கும். நோ-சீ-அம் என்று இங்கே சொல்கிற பொடிப் பூச்சி அதற்குள்ளால் வரும், ஆகவே அதற்கென்றே நெய்த நெருக்கமான வலை வேண்டும். உள்ளே ஏறும் முன் உடம்பைத் தட்டிவிட்டு ஏறுங்கள். படுக்க முதல் முழங்கால் மடிப்பு, இடுப்பு, கக்கம், மயிர் அடி எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று தடவுங்கள். லைம் நோய் அதனால்தான் வருகிறது.

தறப்பாள் என்றால் நம்மவருக்கு நீலத் தறப்பாள்தான் கண்ணில் வரும். அதுவும் போதும், அளவு சரியென்றால். முகட்டு நீளம் ஹமொக்கின் அந்த நடுக் கயிற்றைவிட ஒவ்வொரு பக்கமும் 30 சென்ரிமீற்றர் கூட இருக்க வேண்டும். 8க்கு 10 அடி போதாது, தலைப்பக்கம் நனையும். 10க்கு 12 அடி வாங்குங்கள், 12 அடிப் பக்கம் முகடு. நீலத் தறப்பாள் காற்றில் சடசடக்கும், வளையம் பிய்யும், பாரம். பிறகு காசு சேர்ந்தால் சிலிக்கோன் பூசிய பொலியெஸ்ரர் எடுங்கள். நைலோன் தறப்பாள் நனைந்தால் தொய்யும், இரவு எழும்பி இறுக்க வேண்டிவரும்.

தறப்பாளை முதலில் கட்டுங்கள், கடைசியாக அவிழுங்கள். மழை வந்தால் மற்றெல்லாம் அதற்குக் கீழே நடக்கும். 2 மில்லிமீற்றர் தடிப்பில் 12 மீற்றர் முகட்டுக் கயிறு, ஓரங்களுக்கு இரண்டரை மீற்றரில் நான்கு, ஆறு முளை. முகட்டுக் கயிற்றின் ஒரு நுனியை முதல் மரத்தில், ஹமொக் பட்டிக்கு ஒரு சாண் மேலே கட்டுங்கள். மறு நுனியை இரண்டாவது மரத்தைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். மரத்துக்கு ஒரு முழம் முன்னால், இரண்டு மரத்துக்கும் இடையில் நிற்கும் கயிற்றில் ஒரு உருவு கண் (இழுத்தால் அவிழும் வளையம்) போடுங்கள். சுற்றிவந்த நுனியை அந்தக் கண்ணுக்குள்ளால் விட்டு மரத்தின் பக்கம் இழுத்தால் கப்பிபோல் இறுகும். இறுகிய இடத்தை இரண்டு விரலால் நெரித்துப் பிடித்து, நுனியை மடித்து உருவு முடிச்சாகப் போடுங்கள். அவிழ்க்கும்போது வாலை ஒரு இழுவை, முடிந்தது. குளிரில் விறைத்த விரலுக்கு இது பெரிய தயவு.

ஓரங்களை விரித்து முளை அடிப்பதில்தான் பாறை குறுக்கே நிற்கும். இரண்டு விரல் ஆழத்தில் முளை கல்லில் முட்டும். அப்போது கயிற்று நுனியில் பெருவிரல் தடிப்பான குச்சியைக் கட்டித் தரையில் கிடத்தி, குச்சிக்கு முன்னால், தறப்பாள் பக்கத்தில், தேங்காயளவு கல்லொன்றைக் கயிற்றின் மேல் வையுங்கள். அதற்குமேல் தூக்கக் கூடிய பெரிய கல். இழுக்க இழுக்கக் குச்சி கல்லில் மாட்டும். காற்று வரும் பக்கத்தை முழங்கால் உயரத்துக்கு இறக்குங்கள்.

கூரை சரியாக இருந்தும் முதுகு நனைந்ததென்றால் தண்ணீர் வந்த வழி பட்டி. மரத்தில் வடியும் மழை பட்டியைப் பிடித்துக்கொண்டு ஹமொக்குக்குள் இறங்கும். தறப்பாளுக்கு உள்ளே, ஹமொக் தொடங்குவதற்கு முன், பட்டியில் ஒரு பருத்தி நூலைக் கட்டி நாலு விரல் தொங்கவிடுங்கள். பழைய சப்பாத்து நாடா அருமையாக வேலை செய்யும். தண்ணீர் அதில் இறங்கிச் சொட்டிவிடும்.

இனி அந்த முதுகு. ஸ்லீப்பிங் பாக்கின் பஞ்சு உப்பி நின்றால்தான் சூடு. அதன்மேல் படுத்து நசுக்கினால் அது வெறும் துணி. அதனால் மைனஸ் 10 என்று எழுதிய பையோடும் 12 பாகையில் நடுங்கலாம். மலிவான வழி, மூடிய துளைகள் கொண்ட நுரைப் பாய். 6 அடி நீளம், 20 அங்குல அகலம். ஹமொக் இரட்டைத் துணியாக இருந்தால் நடுவில் செருகுங்கள், நழுவாது. தோள் இரண்டும் பாய்க்கு வெளியே போகும். இன்னொரு பாயில் இரண்டடித் துண்டு வெட்டித் தோளுக்குக் குறுக்கே போடுங்கள். நல்ல வழி அண்டர்குயில்ட்: ஹமொக்குக்கு வெளியே கீழே தொங்கும் பஞ்சு மெத்தை. நசுங்காது. பெரும்பாலும் ஹமொக்கைவிட விலை கூட, ஆனாலும் இரண்டாவது பருவத்துக்கு வாங்குகிறவர்கள் பலர். வாங்கியும் குளிர்கிறதென்றால் இடைவெளி இருக்கிறது. படுத்தபடி கையை ஓரத்தால் கீழே விட்டுப் பாருங்கள். மெத்தை துணியைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். தொங்கினால் காற்றோடும், இழுத்துக் கட்டினால் பஞ்சு நசுங்கும். மேலே போர்த்த, ஸ்லீப்பிங் பாக்கின் சிப்பைப் பாதம் வரை திறந்து போர்வையாக்குங்கள். ஆடும் துணிக்குள் பைக்குள் நுழைவது சர்க்கஸ்.

சாப்பாட்டை ஹமொக்குக்குக் கிட்ட வைக்காதீர்கள். பிஸ்கட், பற்பசை, ஈரத்துடைப்பான், பிள்ளையின் பால்மா எல்லாம் கரடிக்குச் சாப்பாடுதான். கருவாட்டுக் குழம்பு காய்ச்சிய உடுப்போடு படுப்பதும் அவ்வளவு புத்தி அல்ல. கார் தளமென்றால் எல்லாவற்றையும் காருக்குள் பூட்டுங்கள். உள்காட்டில் தரையிலிருந்து 4 மீற்றர் உயரத்தில், அடிமரத்திலிருந்து 2, 3 மீற்றர் தள்ளித் தொங்கவிடுங்கள், படுக்கும் இடத்திலிருந்து நன்றாக விலகி.

நனைந்த தறப்பாளை மற்றவற்றோடு சுருட்டாமல் தனிப் பையில் போடுங்கள். வீட்டுக்கு வந்த அன்றே விரிக்க வேண்டும், மறுநாள் அல்ல. அபார்ட்மெண்ட் பல்கனியில் கொடி கட்ட விடமாட்டார்கள் என்றால் குளியலறைத் திரைக் கம்பி இருக்கிறது. ஈரத்தோடு ஒரு கிழமை கிடந்த துணி மணக்கும், பூச்சு ஒட்டிக்கொள்ளும். புறப்படும் முன் முளைகளை எண்ணுங்கள். ஐந்துதான் இருக்கும். ஆறாவது பெரும்பாலும் காற்று வந்த பக்கத்துக் கல்லுக்குக் கீழே.