கையுலானி: ஒரு மார்ச் மாத நாட்குறிப்பு

மார்ச் 1

ஹவாய் என்றால் நமக்கு முதலில் காலில் போடும் செருப்பு, அப்புறம் தேனிலவு விளம்பரம். அது தனி ராஜ்யமாக இருந்தது, 1843-லேயே பிரிட்டனும் பிரான்சும் அதைச் சுதந்திர நாடு என்று எழுத்தில் ஏற்றுக்கொண்டிருந்தன என்பதெல்லாம் நான் படித்த பள்ளிக்கூடப் புத்தகத்தில் இல்லை. கொஞ்ச நாளாக அந்த ராஜ்யத்தின் கடைசிப் பட்டத்து வாரிசு கையுலானியைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், 1893-ல் இதே தேதியில்தான் அவர் இங்கிலாந்திலிருந்து கப்பலில் நியூயார்க் வந்து இறங்கினார். வயது 17. ஜனவரி 17-ஆம் தேதி தலைநகர் ஹோனலூலுவில் அமெரிக்க வம்சாவளியினர் முன்னின்று ஆட்சியைக் கவிழ்த்திருந்தார்கள், அரியணையில் இருந்த லிலியுவோகலானி அவருக்குப் பெரியம்மா முறை.

எழுபது வருடம் முன்பு எங்களுக்கு மதமும் நாகரிகமும் சொல்லித்தர ஆள் அனுப்பினீர்கள், இன்று அந்த மிஷனரிகளின் பிள்ளைகளே தகப்பன்மார் செய்ததைக் கலைத்துவிடச் சொல்லி உங்கள் தலைநகரில் நிற்கிறார்கள் என்று அமெரிக்க மக்களிடம் சொன்னார். வாசகங்களில் காப்பாளர் தியோ டேவிஸின் கை உண்டு என்பார்கள். இருக்கட்டுமே. பெயரைப் போட்டு, பத்திரிகைக்காரர்கள் முன்னால் போய் நின்றது அந்தப் பெண்தான்.

மார்ச் 4

இன்று முழுக்க சர்க்கரை. 1875-ல் அமெரிக்காவுடன் ஓர் ஒப்பந்தம், ஹவாய்ச் சர்க்கரைக்கு அங்கே வரி கிடையாது. கரும்புத் தோட்டங்கள் பெருகின, தோட்டக்காரர்களின் கையும் ஓங்கியது. 1887-ல் ஆயுதக் கும்பலைக் காட்டி அரசர் கலாகௌவாவிடம் ஒரு புது அரசியல் சட்டத்தில் கையெழுத்து வாங்கினார்கள். துப்பாக்கிமுனைச் சட்டம் என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. மேல்சபைக்கு வாக்களிக்கச் சொத்தோ வருமானமோ வேண்டும் என்று வைத்ததில் உள்ளூர்க்காரர்கள் பெரும்பாலும் வெளியே போனார்கள். ஆசியர்களுக்கு வாக்கே இல்லை. ஆனால் ஹவாய்க் குடியுரிமை வாங்காத அமெரிக்கரும் ஐரோப்பியரும் வாக்களிக்கலாம்! அதே வருடம் பேர்ல் ஹார்பரைப் பயன்படுத்தும் உரிமையும் அமெரிக்காவுக்குப் போயிற்று.

அப்புறம் 1890-ல் அமெரிக்கா எல்லா நாட்டுக் கச்சாச் சர்க்கரைக்கும் வரியை எடுத்துவிட்டு, சொந்த நாட்டு உற்பத்தியாளர்களுக்கு மட்டும் ஒரு பவுண்டுக்கு 2 சென்ட் மானியம் அறிவித்தது. ஹவாய்க்கு இருந்த சலுகை ஒரே நாளில் மதிப்பிழந்தது, மானியம் வேண்டுமென்றால் தோட்டம் அமெரிக்க மண்ணில் இருக்க வேண்டும், சரி, மண்ணையே அமெரிக்காவாக ஆக்கிவிட்டால்? எல்லாத் தோட்ட முதலாளிகளும் இணைப்பை விரும்பவில்லை என்பதும் உண்மை (கூலி ஆட்களைக் கொண்டுவருவதில் அமெரிக்கச் சட்டம் குறுக்கே வரும் என்று பயந்தவர்கள் உண்டு), ஆனாலும் இந்தக் கணக்கை விட்டுவிட்டு 1893-ஐப் புரிந்துகொள்ளவே முடியாது என்று எனக்குப் படுகிறது.

மார்ச் 6

1899-ல் கையுலானி இறந்தது இன்றைக்கு. பெரிய தீவில் பார்க்கர் பண்ணைக்குப் போன இடத்தில், மழையில் குதிரைச் சவாரி செய்து நனைந்து, காய்ச்சலில் விழுந்தார். மூட்டு வீக்கக் காய்ச்சல் முற்றிப்போய், ஹோனலூலுவுக்குக் கொண்டுவந்தும் பிழைக்கவில்லை. வயது 23.

நாடு போன துக்கத்தில் நெஞ்சு வெடித்துச் செத்தார் என்று எழுதாத ஆளே இல்லை போலிருக்கிறது. படிக்கப் படிக்க எரிச்சல்தான் வருகிறது. சோக இளவரசி, மயில்கள் உலவும் அவருடைய ஐனஹௌ வீட்டுத் தோட்டம், தாய் லிகெலிகெ சாகும்போது சொன்னதாக ஒரு ஆரூடம் என்று வரிசையாக அடுக்கிவிட்டால் கவிழ்ப்பின்போது அமெரிக்கப் போர்க்கப்பலில் இருந்து சிப்பாய்களை இறக்கியவர்களைப் பற்றிப் பேச வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடுகிறது, எல்லாம் விதி என்று முடித்துக்கொள்ளலாம்.

மார்ச் 9

1891-ல் இதே நாளில்தான் அவரை வாரிசாக அறிவித்தார்கள். தாய்மாமன் கலாகௌவா ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் இறந்து, பெரியம்மா பட்டத்துக்கு வந்திருந்தார். வாரிசோ இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தது.

கவிழ்ப்பு நாட்களில் அப்பா கிளெக்ஹார்ன், எடின்பரோவில் பிறந்த வியாபாரி, எதிர்த்தரப்பிடமே போய் அரசியை விட்டுவிட்டு என் மகளை வைத்து ஆட்சி நடத்துங்கள் என்று பேசிப் பார்த்தார். ஒத்துக்கொள்ளவில்லை. புதிய அரசுக்குத் தலைவரான சான்ஃபோர்ட் டோலுக்கே தொடக்கத்தில் இந்த யோசனை இருந்தது. பெரியம்மாவுக்கு இதெல்லாம் காதில் விழுந்து, அவர்கள் பட்டம் தந்தால் வாங்கிக்கொள்ளாதே என்று மகளுக்கு எழுதினார். யாரும் என்னிடம் அப்படி எதுவும் கேட்கவில்லை என்று கையுலானி பதில் போட்டார். அரண்மனை விவகாரமானாலும் குடும்பச் சண்டையின் வாசனை அடிக்கத்தான் செய்கிறது.

மார்ச் 13

வெள்ளை மாளிகை. அமெரிக்க அதிபர் கிளீவ்லாண்ட் தம்பதியைக் கையுலானி சந்தித்தார், அவர் பேச்சில் மனம் மாறி அதிபர் ஹவாயை அமெரிக்காவோடு சேர்க்கும் இணைப்பு ஒப்பந்தத்தைத் திரும்பப் பெற்றார் என்று பல இடங்களில் இருக்கிறது. தேதியைப் பார்த்தால் ஒத்துவரவில்லை. சந்திப்பு மார்ச் 13, ஒப்பந்தத்தைத் திரும்பப் பெற்றது மார்ச் 9. கவிழ்ப்பைப் பற்றி விசாரிக்க ஜேம்ஸ் பிளவுன்ட்டை நியமித்ததும் அதற்கு முன்பே.

அப்படியானால் இந்தப் பயணம் வீணா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதுவரை அங்குள்ள பத்திரிகைகளில் ஹவாய் அரச குடும்பம் என்றாலே காட்டுமிராண்டிக் கேலிச்சித்திரம்தான். பிரெஞ்சும் ஜெர்மனும் படித்த ஒரு பெண் நேரில் வந்து நின்றதும் தொனி மாறியது. பாரிஸ் உடையும் ஆங்கில உச்சரிப்பும் இருந்ததால்தானே மதித்தார்கள் என்று கேட்டால், ஆமாம், அதுதான் வயிற்றெரிச்சல். பெரியம்மாவுக்கு அந்த மரியாதை கிடைக்கவே இல்லை.

மார்ச் 22

கடைசிக் குறிப்பு. 1897 நவம்பரில் கையுலானி ஊர் திரும்பினார். அந்த இலையுதிர்காலத்தில் தீவு தீவாகப் போய் இணைப்பை எதிர்த்துக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள், பெண்கள் சங்கமும் ஆண்கள் சங்கமும் தனித்தனியாக. மொத்தம் 21,269 கையெழுத்து. 1890 கணக்கெடுப்பில் ஹவாயர்களும் பாதி ஹவாயர்களும் சேர்ந்தே 40,622 பேர்தான், அதில் குழந்தைகளும் அடக்கம்! அமெரிக்கச் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை, மறுபடி வந்த இணைப்பு ஒப்பந்தம் படுத்துவிட்டது. ஆனால் 1898-ல் ஸ்பெயினோடு போர் வந்தது, பசிபிக்கில் கப்பலுக்கு நிலக்கரி நிரப்ப இடம் வேண்டியிருந்தது, ஒப்பந்தமே வேண்டாம் என்று சாதாரணப் பெரும்பான்மை போதுமான ஒரு தீர்மானத்தை நிறைவேற்றி இணைத்துக்கொண்டார்கள். குறுக்குவழி.

ஆகஸ்ட் 12 ஹவாய்க் கொடியை இறக்கிய அன்று பெரியம்மாவும் மகளும் விழாவுக்குப் போகவில்லை. ஆனால் அடுத்த மாதமே, புதிய ஆட்சிமுறையை வகுக்க வாஷிங்டனிலிருந்து வந்த குழுவை ஐனஹௌவுக்கு அழைத்துக் கையுலானி பெரிய விருந்து வைத்தார். நெஞ்சு உடைந்தவர் செய்கிற வேலை இல்லை இது. இனி எல்லாம் சட்டம் எப்படி எழுதப்படுகிறது என்பதில்தான் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1900-ல் அந்தச் சட்டம் வந்தபோது அவர் இல்லை. வாக்களிக்கச் சொத்துத் தகுதி கிடையாது என்று ஆனதால் ஹவாய் ஆண்கள் வரிசையில் போய் நின்றார்கள், 1895-ல் அரசிக்காகக் கலகம் செய்து சிறைக்குப் போன ராபர்ட் வில்காக்ஸைத் தங்கள் முதல் பிரதிநிதியாக அமெரிக்கக் காங்கிரஸுக்கு அனுப்பினார்கள்.