போர்டில் பதித்த யூஎஸ்பி ஹப்பை டிவைஸ் ட்ரீயில் எழுதும்போது சறுக்கும் இடங்கள்

யூஎஸ்பி சாதனம் தானாகவே தெரியவருமே, அதற்கு எதற்கு டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்ன வன்பொருள் இருக்கிறது என்று லினக்ஸ் கர்னலுக்குச் சொல்லும் விவரப் பட்டியல்) நோட், அதாவது ஒரு பதிவு? கேபிளில் செருகும் ஹப்புக்கு இந்தக் கேள்வி நியாயம். போர்டிலேயே சால்டர் செய்த ஹப்புக்கு முதலில் யாராவது மின்சாரம் கொடுத்து ரீசெட்டை விடுவிக்க வேண்டும். அதுவரை பஸ்ஸில் அப்படி ஒன்று இருப்பதே கர்னலுக்குத் தெரியாது. ரெகுலேட்டரை (ஹப்புக்கு மின்சாரம் தரும் பகுதி) எப்போதும் ஆனில் வைத்து, ரீசெட் பின்னை ஜிபிஐஓ ஹாக் (பூட்டிலேயே ஒரு பின்னை ஒரே நிலையில் நிறுத்தும் டிவைஸ் ட்ரீ அமைப்பு) மூலம் விடுவித்த நிலையில் பிடித்து வைப்பது பழைய ஒட்டுவேலை. லினக்ஸ் 6.0 முதல் இதற்கென்றே ஆன்போர்டு ஹப் ட்ரைவர் இருக்கிறது.

இங்கே எடுத்துக்கொண்டது ஜிஎல்3523, யூஎஸ்பி 3 ஹப். எல்எஸ்யூஎஸ்பி (யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் கட்டளை) இதை 05ஈ3:0610, 05ஈ3:0620 என, தயாரிப்பாளர்:சாதனம் என்ற ஐடி வடிவில், இரண்டாகக் காட்டும். (மின்சாரமே இல்லாதபோது இந்த எண்ணை எப்படிப் பார்ப்பது? அந்த ஒரு பூட்டுக்கு மட்டும் மேற்சொன்ன ஒட்டுவேலை உதவும்.) காம்பேட்டிபிளில் (நோட்டுக்கு எந்த ட்ரைவர் என்று சொல்லும் வரி) இந்த எண்களின் முன்னால் வரும் பூஜ்ஜியங்களை விட்டுவிட வேண்டும்: "யூஎஸ்பி5ஈ3,610". 05ஈ3 என்றே எழுதினால் ட்ரைவர் பொருந்தாது, எர்ரரும் வராது. சும்மா இருக்கும்.

இரண்டு ஐடி என்றால் இரண்டு நோட். ஒரே சில்லு என்றாலும் ஹை-ஸ்பீடு பாதி ஒரு ஹப், சூப்பர்-ஸ்பீடு பாதி இன்னொரு ஹப். அதிக நேரம் தின்பது இவற்றின் ரெக் மதிப்புதான், அதாவது ஹப் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று சொல்லும் எண். சிஸ்எஃப்எஸ்ஸில் (கர்னல் சாதனங்களைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) பஸ்-போர்ட் என்ற வடிவில் 1-1, 2-1 என்று தெரிவதால் இரண்டுக்கும் ரெக் 1 என்று கை தானாக எழுதிவிடும். ஆனால் எக்ஸ்ஹெச்சிஐயில் (யூஎஸ்பி 3 கன்ட்ரோலர் வகை) ரூட் ஹப்புக்கு, அதாவது கன்ட்ரோலருக்குள்ளேயே இருக்கும் ஹப்புக்கு, கீழே ரெக் என்பது கன்ட்ரோலரின் மூலப் போர்ட் எண். யூஎஸ்பி 2, யூஎஸ்பி 3 போர்ட்டுகளை அது ஒரே வரிசையில் எண்ணுகிறது. ஆளுக்கு ஒரு போர்ட் உள்ள கன்ட்ரோலரில் முதல் நோட் ஹப்@1, அடுத்தது ஹப்@2. ரெக்கில் ஒரே ஒரு எண்தான் என்று காட்ட, தாய் நோட்டில் (கன்ட்ரோலரின் நோட்) அட்ரஸ்-செல்ஸ் 1, சைஸ்-செல்ஸ் 0 இருக்கட்டும்.

இரண்டு நோட்டும் பியர்-ஹப் (இணை ஹப்) என்ற வரி மூலம் ஒன்றையொன்று காட்ட வேண்டும். மின்சாரத்துக்குப் பொறுப்பேற்கும் பிளாட்ஃபார்ம் டிவைஸ் (டிவைஸ் ட்ரீ நோட்டிலிருந்து கர்னலே உருவாக்குவது) ஒன்றே ஒன்றுதான். மறுபாதி அதைத் தேடிப் போவது இந்த இணைப்பு வழியாகத்தான். விட்டுவிட்டால், இணை ஹப்பின் நோட் கிடைக்கவில்லை என்று டிமெசேஜில் (கர்னலின் லாக்) ட்ரைவர் புலம்பும்.

ரீசெட்டில் துருவம் முக்கியம். பின் தாழ்ந்தால் ரீசெட் என்றால் ஆக்டிவ்-லோ. மாற்றி எழுதினால் ட்ரைவர் ஹப்பை ரீசெட்டிலேயே அழுத்திப் பிடித்திருக்கும். பூட்லோடர் ஏற்கெனவே பின்னை விடுவித்திருந்தால் வேடிக்கை: நோட் எழுதும் முன்பு ஓடிய ஹப், எழுதிய பின் செத்துவிடும். எவ்வளவு நேரம் ரீசெட் பிடிக்க வேண்டும் என்பதை டிவைஸ் ட்ரீயில் தேடாதீர்கள். அது ட்ரைவரின் அட்டவணையில் இருக்கிறது. புதிய சில்லு என்றால் அங்கேயும் ஒரு வரி சேர்க்க வேண்டும். எந்த ரெகுலேட்டர் மின்சாரம் தருகிறது என்று சொல்லும் விடிடி-சப்ளையை மறந்தால் கர்னல் டம்மி ரெகுலேட்டரை (பெயருக்கு மட்டும் உள்ளது) கொடுத்து அமைதியாகிவிடும். அந்த "டம்மி" வரியை லாக்கில் தேடுங்கள்.

ஹப்புக்குக் கீழே நிரந்தரமாக இணைந்த சாதனத்துக்கும் நோட் எழுதலாம். ராஸ்பெர்ரி பை 3-இல் ஹப்பின் போர்ட் 1-இல் உள்ள ஈதர்நெட்டுக்கு அப்படித்தான் நோட் உண்டு. மேக் முகவரி போய்ச் சேரும் வழி அதுவே. வெளியே தெரியும் சாக்கெட்டுகளுக்கு இது தேவையில்லை.

சரிபார்க்க, சிஸ்எஃப்எஸ்ஸில் 1-1, 2-1 இரண்டின் உள்ளேயும் ஓஎஃப்_நோட் என்ற இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ரெக் தவறு. இணைப்பு இருந்தும் மின்சாரக் கட்டுப்பாடு வேலை செய்யவில்லையென்றால் காம்பேட்டிபிள் தவறு, அல்லது கர்னலில் ட்ரைவரையே சேர்க்கவில்லை.

சஸ்பெண்டில் விழிப்பூட்டும் சாதனம் எதுவும் கீழே இல்லையென்றால் ட்ரைவர் ஹப்பின் மின்சாரத்தை நிறுத்திவிடும். அது வேண்டாமென்றால் சிஸ்எஃப்எஸ்ஸில் ஆல்வேஸ்_பவர்டு_இன்_சஸ்பெண்ட் என்பதில் 1 எழுதினால் போதும்.