ஊன்றிய கால்

ஜூன் 5, வியாழன்

கடலூர் மஞ்சக்குப்பம் வகுப்பில் இன்று ஒரு மணி நேரம் முழுக்க மாவாஷி கேரிதான், அதாவது காலைப் பக்கவாட்டில் சுழற்றி அடிக்கும் ரவுண்ட் கிக். கராத்தேயில் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. பச்சை பெல்ட் வாங்கியாயிற்று. இன்னும் என் ரவுண்ட் கிக், எதிரே ஒருவர் பிடித்திருக்கும் மெத்தைப் பேடில் விழும்போது 'தொப்' என்றுதான் சத்தம் வருகிறது. பக்கத்தில் ஒன்பதாவது படிக்கும் பையன் உதைத்தால் பட்டாசு மாதிரி வெடிக்கிறது. மாஸ்டர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "கால் மட்டும் வருதும்மா, இடுப்பு வரலையே" என்றார். மனசு கேட்கவில்லை. ராத்திரி தூங்கும்வரை வலது காலைத்தான் நீட்டி மடக்கிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

விடியும் முன்பே தேவனாம்பட்டினம். சில்வர் பீச்சில் நடக்க வந்தவர்கள் நாலு பேர்தான். மணலில் உதைத்துப் பழகினால் கால் வலுக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, வலது காலால் நாற்பது உதை. முப்பதைத் தாண்டியதும் இடது முட்டியின் உள்பக்கம் சுரீரென்றது. உதைத்தது வலது கால், வலிப்பது இடது முட்டி. குனிந்து பார்த்தால் இடது பாதம் கணுக்கால்வரை மணலில் புதைந்திருந்தது.

ஜூன் 9, திங்கள்

கடையில் நாள் முழுக்க நின்றே வேலை. முட்டிக்கு ஐஸ். வேறொன்றும் இல்லை.

ஜூன் 12, வியாழன்

இன்று பேட் பிடித்தவன் அந்த ஒன்பதாவது பையன். ஐந்தாறு உதை வாங்கியவன், "அக்கா, உங்க குதிகால் அப்படியே நிக்குது. அது என்னைப் பார்த்துத் திரும்பணும்" என்றான். மாஸ்டர் தலையை ஆட்டினார். அப்புறம் எல்லோரையும் உட்காரவைத்து மெதுவாகச் செய்து காட்டினார். முதலில் முட்டி மடங்கி மேலே வருகிறது. ஊன்றிய கால் முன்பாதத்தில் சுழன்று குதிகால் எதிராளி பக்கம் போகிறது. அது திரும்பினால்தான் இடுப்புக்கு வழி கிடைக்கும். இடுப்பு புரண்ட பிறகுதான் முட்டிக்குக் கீழே இருக்கும் கால் சொடுக்க வேண்டும். அடித்ததும் அதே வழியில் மடக்கி இழுக்க வேண்டும்.

மணலில் நடந்தது அப்போதுதான் புரிந்தது. பாதம் புதைந்து நிற்கிறது, இடுப்பு திரும்பப் பார்க்கிறது. நடுவில் மாட்டிக்கொண்டு முறுக்கு வாங்கியது முட்டி. மணலில் ஓடலாம், குதிக்கலாம். இந்த உதையை மட்டும் இனி அங்கே பழக மாட்டேன்.

தாத்தா சிலம்பம் ஆடியவர். கம்பைக் கையில் கொடுக்கும் முன் அவருடைய வாத்தியார் மாதக்கணக்கில் வெறும் காலடி மட்டுமே போடவைத்தாராம். சின்ன வயதில் கதையாகக் கேட்டதுதான்.

ஜூன் 15, ஞாயிறு

முட்டி வலி போய்விட்டது. மொட்டை மாடியில் தரையைக் கூட்டிவிட்டு, வழுக்கக் கூடாது என்பதால் ஈரத்துணியில் இடது பாதத்தை ஒற்றிக்கொண்டு ஒரு உதை. நகர்ந்து பார்த்தேன். முழுப் பாதமும் அச்சாக விழுந்திருந்தது. ஐந்து விரலும் எண்ணலாம். கொஞ்சம்கூடத் திரும்பவில்லை. மூன்று வருடமாக இப்படித்தான் நின்றிருக்கிறேன்!

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, முட்டியைத் தூக்கி ஐந்து எண்ணி, பிறகு மெதுவாகச் சுழன்றேன். பத்துப் பன்னிரண்டுக்கு மேல் தடம் மாறியது. முன்பாதம் இருந்த இடத்தில் எட்டணா அளவுக்கு ஒரு தேய்ந்த பொட்டு. குதிகால் போன வழியில் மெல்லிய வளைகோடு, கோலத்தில் இழுத்த மாதிரி. வெயில் ஏறுவதற்குள் அதைப் பலமுறை பார்த்துவிட்டேன். அது காய்ந்ததும் அடுத்தது.

ஜூன் 19, வியாழன்

பையன் போட்டிக்குத் தயாராகிறான். உலக கராத்தே கூட்டமைப்பு விதிப்படி உடம்பில் விழும் உதைக்கு 2 புள்ளி, தலையில் விழுந்தால் 3. அதனால் அவனுக்குத் தலைமேல்தான் கண். எனக்கு உயரம் இப்போது வேண்டாம். விலா உயரத்தில் சரியாக வரட்டும். புறங்காலால் அடிப்பதையும், விரல்களை மேலே மடக்கி முன்பாதத்தால் அடிப்பதையும் இரண்டு விதமாகப் பழகினோம். இரண்டாவதில் விரல் மடங்காவிட்டால் அடி நமக்குத்தான். தாய்லாந்துச் சண்டைக்கலையான முவாய் தாயில் முன்னங்கால் எலும்பாலேயே அடிப்பார்கள், காலை இப்படிச் சொடுக்குவதில்லை என்றார் மாஸ்டர். ஆனால் அங்கேயும் ஊன்றிய கால் சுழல்கிறது.

ஜூன் 26, வியாழன்

வந்துவிட்டது. நாலாவது உதையில். பலம் எதுவும் கூட்டவில்லை, குதிகாலை மட்டும் நினைத்தேன். சத்தம் கேட்டு அடுத்த வரிசைக்காரர்கள் திரும்பினார்கள். பேட் பிடித்திருந்த பையன் ஒரு அடி பின்னால் போய், "அக்கா!" என்று கத்தினான். மாஸ்டர், "ம், இப்பத்தான்மா இடுப்பு வருது. இன்னொண்ணு" என்றார். அடுத்த மூன்றில் ஒன்றுதான் அப்படி விழுந்தது. பரவாயில்லை, அந்த வழி எதுவென்று காலுக்குத் தெரிந்துவிட்டது.

இடது காலால் உதைக்கும்போது பழையபடி 'தொப்'. வலது பாதம் இன்னும் சுழலப் பழகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாடியில் அதற்கு ஈரத்துணி.