எச் பூச்சியமா, இல்லையா

ஜூன் 3, செவ்வாய்
மழை. கணித சேர் இன்றைக்கும் கரும்பலகைப் பக்கம் போகவில்லை. நான்கு பேருக்கு ஒரு மேசை, மேசைக்கு ஒரே மார்க்கர். மார்க்கர் பிடிப்பவர் மற்றவர்கள் சொல்வதை எழுதலாம், பேசக் கூடாது. இன்று என் முறை. நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

ஜூன் 4, புதன்
நம்ம மலைநாட்டு ரயில்பாதையில் ஆகச் செங்குத்தான ஏற்றம் 44க்கு 1, அதாவது 44 அடி போனால் 1 அடி உயரம் என்றான் கொட்டகலைக்காரன். "சரி, ஒரே ஒரு புள்ளியில் எவ்வளவு?" என்றார் சேர். புள்ளியில் எப்படி ஏறுவது? வகுப்பே சந்தையாகிவிட்டது. மணி அடித்தும் விடை சொல்லவில்லை மனிதர்.

அம்மாவிடம் சொன்னேன். "சொல்லிக் குடுக்காம என்ன வாத்தியாரு அவரு?" தேயிலைக் கொழுந்து மலையிலிருந்து வந்த களைப்பு.

ஜூன் 5, வியாழன்
சேருக்கு இடமாற்றம் என்ற கதை மறுபடியும். கடிதம் வந்துவிட்டதாம்.

ஜூன் 9, திங்கள்
தூரம் நேரத்தின் வர்க்கம் என்றால் 3ஆம் செக்கனில் வேகம் என்ன? 3இலிருந்து 3.1 வரை சராசரி 6.1. 3.01 வரை 6.01. 3.001 வரை 6.001. "ஆறு!" என்று மேசையில் அடித்தாள் டிக்கோயாக்காரி. நேர இடைவெளிக்கு எச் என்று பெயர் வைத்தால் சராசரி 6 + எச். வகுக்கும்போது எச் பூச்சியமில்லை என்கிறோம், வகுத்து முடித்ததும் பூச்சியம் என்று தூக்கிப் போடுகிறோம். எந்த இடத்தில் மாறியது?

கேட்டேன். சேருக்கு ஒரே சந்தோஷம். 1734இல் பெர்க்லி என்ற ஆயர் இதையே கேட்டு, "மறைந்துபோன கணியங்களின் ஆவிகள்" என்று கிண்டலடித்தாராம். தோட்டத்து லயன் வீட்டில் வளர்ந்தவளுக்கு ஆவி புதிதா?

இப்படி ஒரு புள்ளியில் காணும் வேகத்துக்குப் பெறுதி என்று பெயர். பக்கத்துப் பாடசாலையில் அதற்கு அடுக்கை முன்னால் போடு, ஒன்றைக் குறை என்று ஒரே நாளில் முடித்துவிட்டார்கள். அவர்கள் பயிற்சிக் கணக்கில் எங்கேயோ போய்விட்டார்கள். பயமாகத்தான் இருக்கிறது.

ஜூன் 10
போயா விடுமுறை. நாள் முழுக்க மண்டைக்குள் எச்.

ஜூன் 11, புதன்
நோர்வூட்காரனோடு சண்டை. 6க்கு எவ்வளவு கிட்ட வேண்டும் என்று நீயே சொல் என்றேன். 0.0001க்குள் என்றான். எச்சை அதைவிடச் சின்னதாக எடு என்றேன். அதிலும் பாதி என்றான். எச்சையும் பாதியாக்கு. எதைக் கேட்டாலும் கொடுக்க முடிகிறது, பூச்சியத்தைத் தொடவே தேவையில்லை! எல்லை என்பது இதுதானா? சேர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஜூன் 12, வியாழன்
சேர் வரவில்லை. ரிலீஃபுக்கு வந்த மிஸ் மேசைகளை வரிசையாகப் போடச் சொன்னார். யாரும் எழும்பவில்லை. சைனின் பெறுதியைத் தொடங்கிவிட்டோம். விடை கோசைன் என்கிறான் கொட்டகலைக்காரன். ஏன் என்றால் டியூஷனில் சொன்னார்களாம். அது ஒரு விடையா?